கதிரவன் ஏற்றும் விளக்கு

மாமல்லபுரத்துக் கடற்கரையில் விடியற்காலையில் நிற்பவர், கீழ்த்திசையில் நீர்ப்பரப்பின் விளிம்பிலே செங்கதிர் எழும் காட்சியைக் கண்டு மகிழ்வர். கடற்கரைக் கோயிலின் விமானம் முதலில் பொன்னிறம் பெறும். பின்னர் மணற்பரப்பும், சவுக்குத் தோப்பும், மீனவர் குடியிருப்பின் கூரைகளும் ஒளி பெறும். மேற்கே செங்கற்பட்டின் குன்றுகளிலும் கொளவாய் ஏரியிலும் அவ்வொளி சென்று பரவும். இவ்வாறு நாள்தோறும் வந்து கொட்டும் ஒளியைப் பகலில் சேர்த்துவைத்து இரவில் பயன்கொள்ள முடியுமானால் எத்துணை நன்மை விளையும்! முன்னோர்க்குக் கனவாக இருந்த அச்செயல் இன்று ஓர் எளிய வீட்டின் கூரைமேலும் நடைபெறுகின்றது.

விளக்கின் அருமையை நன்கு அறிந்தது இக்கடற்கரை. மாமல்லபுரத்துப் பாறைக் குன்றின்மேல் ஒலக்கணேசுவரர் கோயில் என்னும் பல்லவர் காலக் கற்கோயில் ஒன்று உள்ளது. 1887ஆம் ஆண்டில் அதன் கூரைமேல் விளக்கு ஒன்று அமைக்கப்பட்டுக் கலங்களுக்கு வழிகாட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அருகே கல்லாலான கலங்கரை விளக்கம் எழுந்தது. கடலில் செல்வோர்க்கு அவ்விளக்கு உயிர்த்துணையாக இருந்தது. கரையில் வாழ்வோர்க்கும் இரவில் ஒரு விளக்கு வேண்டும் என்பதைப் புயற்காலங்கள் நினைவூட்டுகின்றன.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் 'வர்தா' புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் முறிந்தன; கம்பிகள் அறுந்து வீழ்ந்தன. பின்னர் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவில் 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்தின் அருகிலேயே கரையேறியது. இத்தகைய இரவுகளில் மின்சாரம் நின்றுவிடும். இருளில் மழைநீர் உட்புகும் வீட்டில் முதியோரையும் குழந்தைகளையும் காப்பது அரிது. பாம்பு வந்தால் தெரியாது. அறுந்த கம்பி தரையில் கிடந்தால் புலப்படாது. கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டால் உதவி கேட்கவும் வழியில்லை.

தமிழ்நாட்டில் மின்சாரம் எட்டாத ஊர் அரிது. வீடுகளுக்கு இரண்டு திங்களுக்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கும் ஆணை 2016ஆம் ஆண்டில் பிறந்தது. இக்கடற்கரையின் தென்பகுதியில் உள்ள கல்பாக்கத்திலோ அணுமின் நிலையமே உள்ளது. அதன் முதல் உலை 1984ஆம் ஆண்டில் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அவ்வாறிருக்கச் சிறிய சூரிய மின்பலகை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மின்நிலையம் அண்மையில் இருப்பதனால் மட்டும் வீட்டில் விளக்கு எரிந்துவிடாது. மின்சாரம் கம்பி வழியே துணைமின் நிலையங்களைக் கடந்து வரவேண்டும். அவ்வழியில் ஒரு கம்பம் சாய்ந்தாலும் தெரு முழுவதும் இருளும். வீட்டின் கூரையிலேயே விளையும் மின்சாரத்திற்கு அத்தகைய நெடுவழி இல்லை. பெரிய மின்சாரத்திற்கு மாற்றாக அன்று, அதற்கு ஒரு துணையாகவே சிறிய மின்பலகை விளங்குகின்றது.

ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்னும் உண்மையை 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். ஒளி பட்டால் மின்னணுக்கள் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதற்கு 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் விளக்கம் தந்தார். அதற்காகவே 1921ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் தாம் ஆக்கிய சிலிக்கன் மின்கலத்தை உலகிற்குக் காட்டினர். அது தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக மாற்றியது. 1958ஆம் ஆண்டில் விண்ணில் செலுத்தப்பட்ட வான்கார்டு என்னும் சிறு துணைக்கோள், இத்தகைய கலங்களின் துணையால் 1964ஆம் ஆண்டு வரை குறிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. விண்வெளிக்கென விலைமதிப்போடு செய்யப்பட்ட அப்பொருள் நாளடைவில் மலிந்து மண்ணுலகிற்கும் வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பலகைகள் நூற்றுக்கு 20 பங்கு அளவில் ஒளியை மின்சாரமாக மாற்றுகின்றன.

மின்கலம் வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. மணலிலுள்ள சிலிக்கா என்னும் பொருளைச் சூளையில் உருக்கிப் பலமுறை தூய்மைசெய்து சிலிக்கன் எடுக்கப்படுகிறது. அதனை மெல்லிய தகடாக அறுத்து, ஒரு பக்கத்தில் பாஸ்வரமும் மறுபக்கத்தில் போரானும் மிகச் சிறிதளவு கலப்பர். இவ்விரு பக்கங்களும் கூடும் இடத்தில் ஒரு மின்தடுப்பு இயல்பாகவே உண்டாகின்றது. ஒளி பட்டதும் தகட்டினுள் மின்னணுக்கள் விடுபடுகின்றன. அத்தடுப்பு அவற்றை ஒரே பக்கமாகச் செலுத்துகின்றது. வெளியே கம்பி கொண்டு இரு பக்கங்களையும் இணைத்தால் அக்கம்பியில் மின்னோட்டம் பாய்கின்றது. இதில் சுழலும் பொறி இல்லை; புகை இல்லை; ஓசையும் இல்லை.

ஒரு கலம் தரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டளவே ஆகும். ஆகையால் 36 கலங்களைச் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கண்ணாடியின் கீழ்ப் பதித்து, அலுமினியச் சட்டம் பூட்டுவர். இதுவே சூரிய மின்பலகை; கடைகளில் 'சோலார் பேனல்' என்று வழங்கப்படுவது. நல்ல வெயிலில் இது 17 அல்லது 18 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் தரும். 12 வோல்ட் பாட்டரியில் மின்னேற்ற அவ்வழுத்தம் போதுமானது.

சிறு வீட்டிற்கான தொகுதியில் நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது மின்பலகை. இரண்டாவது 'சார்ஜ் கண்ட்ரோலர்' எனப்படும் காவற்கருவி. பாட்டரி நிரம்பியதும் மேலும் மின்சாரம் புகாமல் அது தடுக்கும். பாட்டரி மிகவும் வற்றும்போது விளக்குகளைத் தானே நிறுத்திவிடும். மூன்றாவது பாட்டரி. நான்காவது விளக்கு, சிறு விசிறி, கைப்பேசி மின்னேற்றும் முனை முதலிய பயன்படு பொருள்கள். பலகை உழவனைப் போல விளைவிக்கின்றது. பாட்டரி குதிரைப் போலச் சேர்த்துவைக்கின்றது. காவற்கருவி கணக்கனைப் போல வரவையும் செலவையும் பார்க்கின்றது. நெற்குதிரில் உள்ள அளவறிந்து அரிசி குத்தும் இல்லத்தரசியைப் போன்றே, மின்சாரத்தின் அளவறிந்து செலவிடுவோரும் இருத்தல் வேண்டும்.

அவ்வளவை அறிவதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. கடற்கரைக் குப்பம் ஒன்றில் உள்ள ஒரு மீனவர் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வீட்டில் 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, இரவில் 5 மணி நேரம் எரிகின்றன. அதற்கு 50 வாட்-மணி ஆகும். பிள்ளைகள் படிப்பதற்கு 3 வாட் விளக்கு ஒன்று 4 மணி நேரம் எரிய 12 வாட்-மணி ஆகும். இரண்டு கைப்பேசிகளுக்கு 24 வாட்-மணி போதும். 15 வாட் சிறு விசிறி 3 மணி நேரம் சுழன்றால் 45 வாட்-மணி. ஆக மொத்தம் 131 வாட்-மணி. இது ஓர் அலகு மின்சாரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே.

இனி வரவைக் காண்போம். இப்பகுதியில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்குக் கிடைக்கும் வெயில், உச்சி வெயில் 5 மணி நேரம் அடித்ததற்கு ஒப்பானது. 40 வாட் பலகை அந்த 5 மணி நேரத்தில் 200 வாட்-மணி தரவேண்டும். ஆனால் வெப்பத்தாலும், தூசியாலும், கம்பியாலும், பாட்டரியின் இயல்பாலும் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். எஞ்சுவது 130 வாட்-மணி அளவு. வரவும் செலவும் இங்கே ஒத்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் முகில் சூழ்ந்து வரவு குறையும். அப்போது விசிறியின் தேவையும் குறையுமாதலால் குடும்பம் இடர்ப்படாது.

பாட்டரியின் அளவே புயலிரவில் துணைசெய்வது. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி அளவுள்ள காரீய பாட்டரியில் 480 வாட்-மணி அடங்கும். காரீய பாட்டரியைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் அதன் வாழ்நாள் குறையுமாதலால், 240 வாட்-மணியே பயன்படும் என்று கொள்ளல் தகும். விசிறியை நிறுத்திவிட்டால் ஓர் இரவுக்கு 86 வாட்-மணி போதும். அவ்வாறாயின் பகலில் வெயிலே இல்லாவிடினும் ஏறத்தாழ மூன்று இரவுகள் விளக்கு எரியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியாயின், அதன் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பங்கு வரை பயன்கொள்ளலாம். எனவே சிறிய பாட்டரியே போதுமாகும். ஆனால் அதற்கேற்ற காவற்கருவி வேண்டும்.

குறைந்த விலைக்கு வாங்குவோர் ஏமாறாமல் இருக்கவும் அறிவியல் உதவுகின்றது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1000 வாட் ஒளியாற்றல் விழும். அதில் நூற்றுக்கு 20 பங்கு மின்சாரமானால் 200 வாட் ஆகும். ஆகவே 40 வாட் பலகைக்கு ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கேனும் பரப்பு வேண்டும். சட்டமும் இடைவெளியும் சேர்ந்தால் அதனினும் மிகும். ஒரு பாடநூலின் அளவேயுள்ள பலகையில் '40 வாட்' என்று அச்சிட்டிருந்தால் அது பொய் என்று உடனே தெளியலாம். மீட்டர் என்னும் அளவுகருவியை வெயிலில் பலகையின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தால் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். காரீய பாட்டரியைக் கையால் தூக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனையே. கனம் குறைந்ததில் காரீயமும் குறைவாகவே இருக்கும்.

பலகையைப் பொருத்துதற்குரிய இடத்தைத் தேர்வதே முதற் கடமை. மாமல்லபுரமும் செங்கற்பட்டும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகையில் உள்ளன. ஏப்ரல் திங்களின் பிற்பகுதியிலும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு இங்கே நேர் உச்சியில் நிற்கும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாள்களில் வடக்கே சாயும். ஏனைய எட்டுத் திங்களிலும் தெற்கே சாய்ந்து, டிசம்பரில் உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே காணப்படும். ஆதலால் பலகை தென்திசை நோக்கி, 12 முதல் 15 பாகை சாய்ந்திருத்தல் நலம். அரை மீட்டர் அகலமுள்ள பலகையில் வடவிளிம்பைத் தென்விளிம்பைவிட 13 சென்டிமீட்டர் உயர்த்தினால் 15 பாகைச் சாய்வு கிடைக்கும். இச்சாய்வினால் மழைநீர் தேங்காது. தூசியும் ஓரளவு கழுவப்படும்.

திசை காணத் திசைகாட்டி இல்லையெனில் நேரான கோல் ஒன்றைத் தரையில் நட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் முதல் மார்ச்சு வரை, நண்பகலில் அதன் நிழல் மிகக் குறுகும்போது வடக்கே நீண்டிருக்கும். அதற்கு எதிர்ப்புறமே தெற்கு.

நிழல் மின்பலகையின் பெரும்பகை. கலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தாலும் சங்கிலி முழுவதிலும் மின்னோட்டம் தளரும். ஏற்றம் இறைக்கும் இருவருள் ஒருவர் சோர்ந்தால் வேலை முழுவதும் தளர்வதைப் போன்றதே இது. நிழல் விழுந்த கலம் சூடேறிக் கெடுவதும் உண்டு. ஆகவே தென்னங்கீற்று, தண்ணீர்த் தொட்டி, உலர்த்திய வலை, கொடியில் தொங்கும் துணி ஆகியவற்றின் நிழல் காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்று மணி வரையேனும் படாத இடமே தக்க இடம்.

ஒளி வேண்டும் மின்பலகைக்கு வெப்பம் ஆகாது. கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 0.4 பங்கு குறையும். சித்திரை வெயிலில் கலம் 60 பாகை வரை சூடேறினால் நூற்றுக்கு 14 பங்கு இழப்பாகும். தகரக் கூரையின்மேல் பலகையை ஒட்டிப் படுக்கவைத்தால் வெப்பம் இன்னும் மிகும். கூரைக்கும் பலகைக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்று புகுந்து குளிர்விக்கும்.

ஆனால் குளிர்விக்கும் அக்காற்றே புயலாகும்போது பலகையைப் பறித்துச் செல்லவும் வல்லது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 17 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தருகின்றது. 120 கிலோமீட்டர் வேகமாயின் அவ்விசை 68 கிலோகிராம் அளவாக ஓங்கும். மூன்றில் ஒரு பங்கு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைந்த பரப்புள்ள 40 வாட் பலகையின்மேல் அது 20 கிலோகிராம் எடையளவு வலிமையோடு தாக்கும். பலகையின் எடையோ மூன்று அல்லது நான்கு கிலோகிராமே. ஆகையால் நான்கு செங்கல்லைச் சுமத்திவைத்தோ, கயிற்றால் கட்டியோ அதனை நிறுத்த முயல்வது பேதைமை. பறக்கும் கண்ணாடிப் பலகை வழியிற் செல்வோர் உயிருக்கும் கேடு விளைவிக்கும்.

காரைத் தளமாயின் இரும்புக் கோணச் சட்டங்களை விரிவாணிகொண்டு தளத்தில் இறுக்கி, அவற்றின்மேல் பலகையின் நான்கு மூலைகளையும் மரையாணியால் பூட்டவேண்டும். துளையிட்ட இடத்தில் நீர் கசியாதபடி அடைத்தல் வேண்டும். ஓட்டு வீடாயின் ஓட்டின்மேல் பூட்டாமல், ஓட்டைத் தாங்கும் சட்டத்தோடு இணைக்கவேண்டும். கீற்றுக் கூரை பலகையைத் தாங்காது. அத்தகைய வீட்டார் முற்றத்தில் ஆழ ஊன்றிய இரும்புத் தூணின்மேல் பொருத்துதல் நன்று. புயலெச்சரிக்கை வந்ததும் பகற்பொழுதிலேயே பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது எல்லாவற்றினும் பாதுகாப்பானது. சிறிய பலகையை இருவர் எளிதில் இறக்கலாம். அதற்குள் பாட்டரி நிரம்பியிருக்குமானால் அன்றிரவுக்கு அதுவே போதும்.

கடற்கரைக்கே உரிய பகை ஒன்றும் உண்டு. அது உப்புக் காற்று. சாதாரண இரும்பாணி உப்புப் படிந்து விரைவில் துருவேறும். இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டவாறு உப்பு நீரில் நனைந்தால், இரண்டிற்கும் இடையே சிறு மின்னோட்டம் உண்டாகி அலுமினியத்தை அரித்துவிடும். எனவே துருவேறா எஃகு மரையாணிகளையும், துத்தநாகம் பூசிய சட்டங்களையும் கொள்ளவேண்டும். இருவகை உலோகங்கள் தொடும் இடத்தில் ரப்பர்த் துண்டு வைத்தல் வேண்டும். கம்பி முனைகளில் வாசலின் தடவினால் உப்பும் ஈரமும் அணுகா. கண்ணாடியில் படியும் உப்பையும் தூசியையும் பத்து அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைக்கவேண்டும். சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் அது விரிசல் காணக்கூடும்.

கம்பியின் தடிப்பும் கருதத்தக்கது. பலகைக்கும் பாட்டரிக்கும் 10 மீட்டர் தொலைவிருந்தால் மின்சாரம் போகவர 20 மீட்டர் கம்பி வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாயின் 40 வாட் பலகை தரும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ 0.8 வோல்ட் வழியிலேயே இழப்பாகும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் அவ்விழப்பு 0.3 வோல்ட் அளவிற்குக் குறையும். மெல்லிய கம்பியால் மிச்சமாகும் காசு, நாள்தோறும் மின்சாரத்தில் இழப்பாகிப் போகின்றது.

இணைக்கும்போது முறை தவறலாகாது. முதலில் பாட்டரியைக் காவற்கருவியோடு இணைக்கவேண்டும், அடுத்துப் பலகையை, இறுதியில் விளக்குகளை. கழற்றும்போது இதற்கு நேர்மாறாக, விளக்குகளை முதலிலும் பாட்டரியைக் கடைசியிலும் நீக்கவேண்டும். சிவப்புக் கம்பி நேர்முனைக்கும் கறுப்புக் கம்பி எதிர்முனைக்கும் உரியவை. மாற்றி இணைத்தால் கருவி கெடும். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரையில் பலகை மின்சாரம் தந்துகொண்டேயிருக்குமாதலால், வேலை செய்யும்போது அதன்மேல் கெட்டித் துணியைப் போர்த்துதல் நன்று. பாட்டரியின் நேர்முனைக்கு அருகில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் உடலில் அதிர்ச்சி தராது என்பது உண்மையே. எனினும் பாட்டரியின் இரு முனைகளும் ஓர் இரும்புச் சாவியால் தொடப்பட்டுவிட்டால், மின்னோட்டம் பெருகிக் கம்பி பழுத்துத் தீப்பற்றும். கீற்று வீட்டில் அதன் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை.

காரீய பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் என்னும் எரிவளியை வெளிவிடும். எனவே அதனை அடுப்பங்கரையிலும் காற்றோட்டமில்லாத மூலையிலும் வைக்கலாகாது. அருகே தீக்குச்சி கிழிக்கலாகாது. அதிலுள்ள கந்தக அமிலம் கண்ணையும் தோலையும் புண்படுத்தும். குழந்தைகளுக்கு எட்டாத இடமே அதற்கு ஏற்றது. நீர் ஊற்றும் வகையாயின், வடிநீரை மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும்.

பலகை 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியது. காரீய பாட்டரியோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளரும். இதனை முன்னரே அறியாதவர், பாட்டரி தளர்ந்தவுடன் தொகுதி முழுவதும் கெட்டதென எண்ணி மூலையில் போட்டுவிடுவர். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் செலவிட்ட காசில் ஒரு பகுதியைத் திங்கள்தோறும் உண்டியலில் இட்டுவந்தால், புதிய பாட்டரிக்குரிய பொருள் தானே சேர்ந்துவிடும். பழைய பாட்டரியைக் குப்பையிலோ நீர்நிலையிலோ எறிதல் பெருந்தீங்கு. காரீயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று உருக்கிப் பயன்கொள்ளும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் அவற்றை ஆக்குவோர்மேல் சுமத்தியுள்ளன. கடையில் கொடுத்தால் விலையும் கிடைக்கும்.

இச்சிறு விளக்கின் பயனைத் தமிழ்நாட்டு அரசும் உணர்ந்தது. 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில், ஊரகத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு கட்டித்தரப்பட்டதோடு, ஒவ்வொரு வீட்டிற்கும் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகளும் அளிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அரசு ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்னமைப்பு ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் வளாகமும் 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் சூரிய மின்சாரத்தின் துணையைப் பெற்றது.

மின்வாரியக் கம்பியோடு இணைந்த பெரிய கூரை அமைப்புக்கும், தனித்து நிற்கும் சிறு தொகுதிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டரியின்றிக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். புயலுக்குப் பின் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியர் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். இதனை அறியாமல் சிறு தொகுதியின் மின்சாரத்தை மாற்றுக் கருவி வழியாக வீட்டு மின்கம்பியில் தாமே செலுத்த முயல்வோர், முகமறியாத ஒரு தொழிலாளியின் உயிருக்கு உலை வைப்போராவர். சிறு தொகுதிக்கெனத் தனிக் கம்பியும் தனி விளக்கும் இருத்தலே முறை.

புயலிரவில் ஒரு குப்பம் முழுவதும் இருண்டிருக்க, ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியுமானால், அண்டை வீட்டார் அவ்வெளிச்சத்தை நாடி வருவர். நனைந்த குழந்தைக்கு உடைமாற்ற அவ்வொளி உதவும். கடலுக்குச் சென்றவர் கரைசேர்ந்தாரா என்று வினவ ஒரு கைப்பேசி உயிர்பெறும். மறுநாள் தேர்வெழுத வேண்டிய பிள்ளை ஒரு மூலையில் அமர்ந்து படிக்கும். முன்னாளில் குன்றின்மேல் எரிந்த விளக்கு கடலில் சென்றோர்க்குக் கரையைக் காட்டியது. இந்நாளில் கூரைமேல் விளைந்த ஒளி கரையில் இருப்போர்க்கு ஒருவர் முகத்தை ஒருவர்க்குக் காட்டுகின்றது. கதிரவன் எல்லார்க்கும் பொதுவாக அளிக்கும் அச்செல்வத்தை, அளவறிந்து சேர்த்தும், முறையறிந்து பொருத்தும், பிறரோடு பகிர்ந்தும் வாழ்வதே அறிவுடைமையாகும்.